கோர்ட்டுக்காக போதை சிகிச்சையா? சேர்க்கும் முன் பார்க்க வேண்டியது

கஞ்சா கேஸில் மாட்டிய பையனை ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் தள்ளிவிட்டால் கோர்ட் ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 64ஏ பிரிவில், சிறிய அளவோடு பிடிபட்டவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த இடம் அரசோ உள்ளாட்சியோ நடத்துவதாக அல்லது அங்கீகரித்ததாக இருக்க வேண்டும், சிகிச்சையை முடிக்காமல் பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கையே ரத்து செய்யலாம்.

அதனால் முதல் போன் 14446, போதை மீட்பு உதவி எண், இலவசம்தான், பக்கத்தில் எந்த மையம் என்று கேளுங்கள். தூக்கமில்லை, தனக்குத்தானே பேசுகிறான் என்றால் மனநல உதவி எண் 14416க்கும் பேசுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. தனியார் மையமா? மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் பேப்பர். சேர்த்த தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண், சீல் எல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும். சேர்க்கும் முன்பே வக்கீலிடம் மையத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள், பணம் கட்டிய பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்.