சென்னைக் கோடையில் துடுப்புப் போட எந்த ஜாக்கெட்?

மே மாதத்தில் முட்டுக்காட்டு உப்பங்கழியிலோ கோவளம் கடலிலோ கயாக் படகு ஓட்டுகிறவரை வாட்டுவது வியர்வையும் சூடும்தான். வெயிலில் ஜாக்கெட்டே வேண்டாம். வெயிலைத் தடுக்கும் முழுக்கை ராஷ்கார்டு (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) போதும். நனைந்த உடம்பில் கடற்காற்று விடாமல் அடிக்கும்போதும், மாலையில் திடீரென்று மழை கொட்டும்போதும்தான் ஜாக்கெட்டின் தேவை வரும். அதனால் சுருட்டினால் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்குவதாக, 250 முதல் 400 கிராமுக்குள் பாருங்கள்.

விலைச்சீட்டில் 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணி கசியாமல் எவ்வளவு உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் என்பதன் அளவு அது. அலைச் சாரலுக்கும் மழைக்கும் 10,000 தாராளம். பக்கத்திலேயே, துணி எவ்வளவு நீராவியை வெளியே விடும் என்று இன்னொரு எண் இருக்கும். சென்னையில் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஈரம் கூடுதலான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத்தான் நீராவி போகும். வெளிக்காற்றே புழுங்கிக் கிடக்கும்போது வியர்வை எங்கே போகும்? மேல்துணி நனைந்து தண்ணீர் படலமாகப் படிந்துவிட்டால் இன்னும் மோசம்.

ஆகவே எண்ணைவிடத் தையலையும் வடிவமைப்பையும் பாருங்கள். நெஞ்சுவரை திறக்கும் ஜிப் இருந்தால் காற்று உள்ளே வரும். ஜிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகமானால் உப்பு அரித்து இறுகிவிடும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, தையல் ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டேப் இல்லாத இடத்தில் ஊசித்துளை வழியே தண்ணீர் இறங்கும். மணிக்கட்டுக்கு வெல்க்ரோ பட்டி போதும். லேடெக்ஸ் ரப்பர் பட்டை தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆனால் வெயிலும் எண்ணெய் கலந்த சன்ஸ்க்ரீனும் பட்டால் சீக்கிரம் வெடித்துவிடும்.

ஜாக்கெட்டோடு தைத்த தொப்பி இருந்தால் சுருட்டிக் கட்டிவைக்க வசதி வேண்டும். கவிழ்ந்தால் விரிந்த தொப்பி தண்ணீரை மொண்டு கழுத்தைப் பின்னால் இழுக்கும். நிறம் ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள். நீலமும் பச்சையும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. தேடுகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அளவு பார்க்கும்போது ராஷ்கார்டு போட்டு, அதன்மேல் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது: லைஃப் ஜாக்கெட் உள்ளே போய்விட்டால் பட்டியை இறுக்கவும் முடியாது, உங்களைப் பிடித்துத் தூக்க வருகிறவருக்குப் பிடியும் கிடைக்காது. அப்படியே தரையில் உட்கார்ந்து, துடுப்புப் போடுவதுபோல் இரு கைகளையும் தலைக்கு மேலும் முன்னாலும் நீட்டுங்கள். அக்குள் இழுத்தாலோ, மணிக்கட்டு வெளியே தெரிந்தாலோ ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

பைக்கில் போடும் பிவிசி ரெயின்கோட்டைக் கொண்டு வரவே வேண்டாம். சூடு உள்ளேயே தங்கி மயக்கம் வரும். தண்ணீரில் விழுந்தால் கையும் இடுப்பும் நீர்ப்பையாகி நீந்த விடாது. நல்ல ஜாக்கெட்டுக்குள்ளும் விழுந்தால் கழுத்து வழியே தண்ணீர் வரத்தான் செய்யும். அது வடிய, இடுப்புக் கயிற்றை இறுக்காமல் விடுங்கள். இடி கேட்டால் எந்த ஜாக்கெட்டும் காக்காது, உடனே கரையேறுங்கள்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். உப்பு படிந்த துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் ஊறும். அலசிய பிறகும் ஊறினால் நீர்விலக்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஈரத்தோடு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ கார் டிக்கியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் உள்பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். உரிந்ததை ஒட்ட வழியில்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.