முதல் தொலைநோக்கி: கணினி வகையா, கையால் திருப்புவதா?

மோட்டாரும் கணினியும் பொருத்தி, கேட்ட வான்பொருளை நோக்கித் தானே திரும்பும் ‘கோ டூ’ தொலைநோக்கியை வாங்குவதா, எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் ‘டாப்சோனியன்’ வகையை வாங்குவதா என்று முடிவெடுக்குமுன், எந்த வானத்தின் கீழ் அதை வைக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தொலைநோக்கியின் திறனை நிர்ணயிப்பது உருப்பெருக்கம் அன்று. ஒளியை வாங்கும் ஆடி அல்லது வில்லையின் விட்டமே. திரளும் ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 8 அங்குலக் கருவி 5 அங்குலக் கருவியைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். கோ டூ வகையில் விலையின் ஒரு பங்கு மோட்டாருக்கும் மின்னணுப் பாகங்களுக்கும் போய்விடுவதால், அதே தொகைக்குச் சிறிய விட்டமே கிடைக்கும். நெபுலா எனப்படும் மங்கலான ஒரு வாயு மேகத்தை நோக்கிக் கணினி துல்லியமாகத் திரும்பினாலும், போதிய ஒளி சேராவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே இருண்ட வானம் வாய்த்தவர்களுக்கு 6 அல்லது 8 அங்குல டாப்சோனியனையே பரிந்துரைக்கிறேன். வேட்டைக்காரன் உருவில் தோன்றும் ஓரியன் விண்மீன் குழுவின் இடையிலுள்ள மூன்று விண்மீன்களைப் பிடித்து, சற்றே தெற்கே நகர்த்தினால் ஓரியன் நெபுலா வந்து நிற்கும். இவ்வாறு தெரிந்ததிலிருந்து தெரியாததற்குத் தாவும் பழக்கம் விரைவில் கைவந்துவிடும். ஆனால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், 200 மடங்கு உருப்பெருக்கத்தில் சனிக்கோள் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பார்வையைக் கடந்துவிடும். குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

நகரத்து மொட்டைமாடியில் நிலைமை வேறு. வழிகாட்டும் மங்கலான விண்மீன்களே அங்குத் தெரியாது என்பதால் கோ டூ உண்மையாகவே கைகொடுக்கும். சென்னையில் துருவ விண்மீன் 13 பாகை உயரத்திலேயே இருந்து கட்டடங்களுக்குப் பின்னே மறைந்துவிடுவதால், அதை நோக்கி அச்சைச் சீராக்க வேண்டிய தாங்கியைத் தவிர்த்து, மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும் தாங்கியைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வகைக் கருவிகள் பலவற்றில், முக்காலியை மட்டமாக நிறுத்தி, இடம், தேதி, நேரம் ஆகியவற்றை உள்ளிட்டு, பிரகாசமான இரண்டு விண்மீன்களைக் காட்டிக்கொடுத்த பின்னரே கணினி வானத்தை அறியும். தேதியில் மாதத்தை முதலில் கேட்கும் அமெரிக்க முறையைக் கவனியுங்கள். கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் ‘டேலைட் சேவிங்’ வழக்கம் இந்தியாவில் இல்லாததால், அதை அணைத்துவிடுங்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் குழாய் வெற்று வானத்தையே காட்டும். திருவாதிரை, சித்திரை, சுவாதி, கேட்டை ஆகிய நான்கையும் முன்பே கண்டு வைத்திருப்பது நல்லது. கருவியின் பட்டியலில் அவை பீட்டல்ஜூஸ், ஸ்பைகா, ஆர்க்டுரஸ், அன்டாரெஸ் என்று இருக்கும்.