ஃபர்ம்வேர் ஏற்றும்போது பூட்லோடர் அழியாமல் காப்பது எப்படி

பூட்லோடர் (சிப் தொடங்கியதும் முதலில் ஓடி, புது ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரல்) பெரும்பாலும் தொலைவது, புதுக் கோடு எழுதப்படுவதற்குச் சற்று முன், அழிக்கும் கட்டத்தில்தான். ஃபிளாஷில் (நிரல் தங்கும் நினைவகம்) எழுதும்போது 1 என்பது 0 ஆக மட்டுமே மாறும். மறுபடி 1 ஆக்க ஒரு பக்கத்தையோ செக்டரையோ, சில சிப்களில் மொத்தத்தையுமோ அழித்தாக வேண்டும். ஆகவே உங்கள் சிப் ஒரே தடவையில் எவ்வளவு அழிக்கும் என்பதை டேட்டாஷீட்டில் முதலில் பாருங்கள்.

64 கேபி ஃபிளாஷ் கொண்ட எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் பக்கம் 1 கேபி. பூட்லோடருக்கு 8 கேபி ஒதுக்கினால் 0 முதல் 7 வரையான பக்கங்கள் அதற்கு. அப்ளிகேஷன் (உங்கள் சொந்த நிரல்) 08002000-இல் தொடங்கும் (முகவரிகள் எல்லாம் ஹெக்ஸில்). இதே அமைப்பை அப்படியே எஸ்டிஎம்32எஃப்407-க்குக் கொண்டுபோனால் ஆபத்து. அங்கே முதல் நான்கு செக்டர்களும் தலா 16 கேபி. 08002000 என்பது பூட்லோடர் இருக்கும் அதே செக்டருக்குள் விழுகிறது. அப்ளிகேஷனுக்காக அந்த செக்டரை அழித்தால் பூட்லோடரும் சேர்ந்தே போய்விடும். அதில் அப்ளிகேஷன் 08004000-இல்தான் தொடங்க வேண்டும்.

லிங்கர் ஸ்கிரிப்ட்டில் (நிரல் எந்த முகவரியில் அமரும் என்று சொல்லும் கோப்பு) தொடக்கம், நீளம் இரண்டையும் மாற்றுங்கள். எஃப்103 உதாரணத்தில் நீளம் 56 கேபி. அதை 64 ஆகவே விட்டால் ஃபர்ம்வேர் வளர்ந்து ஃபிளாஷின் எல்லையைத் தாண்டும்போது லிங்கர் வாயே திறக்காது. வெக்டர் டேபிளின் (இன்டரப்ட் வந்தால் எங்கே குதிப்பது என்ற முகவரிப் பட்டியல்) ஆஃப்செட்டையும் 2000 ஆக்குங்கள். இதை மறந்தால் முதல் இன்டரப்ட்டிலேயே சிப் பூட்லோடரின் வெக்டர் டேபிளைப் பார்த்து வழிதவறும்; பூட்லோடர்தான் கெட்டது என்று நினைத்து நல்லதையே மறுபடி எரிக்கப் போவீர்கள்.

ஏற்றுவதற்கு முன் கோப்பைத் திறந்து பாருங்கள். ஹெக்ஸ் கோப்பில் முகவரி உள்ளேயே இருக்கும்: 0800 என்ற மேல்பாதியைச் சொல்லும் வரிக்கு அடுத்த வரி ‘:102000’ என்று தொடங்கினால் சரி, ‘:100000’ என்றால் அது பூட்லோடரின் மேலேயே உட்காரும். பைனரி கோப்பில் முகவரியே கிடையாது. கமாண்டில் நீங்கள் கொடுப்பதுதான் முகவரி. அதனால் முதல் 8 பைட்டைப் படியுங்கள். ‘00 50 00 20 31 21 00 08’ என்றிருந்தால், நான்கு நான்கு பைட்டாகப் பின்னிருந்து படிக்க, ஸ்டாக் 20005000, ரீசெட் வெக்டர் (ஓட்டம் தொடங்கும் முகவரி) 08002131. அப்ளிகேஷன் பகுதிக்குள் இருக்கிறது, ஒற்றைப்படை எண்ணாகவும் இருக்கிறது, நல்லது. ரீசெட் வெக்டர் இடத்தில் ‘31 01 00 08’ இருந்தால், கோப்பு 08000000-க்காக பில்ட் ஆனது. ஏற்றாதீர்கள்.

இதே சோதனையை பூட்லோடருக்குள்ளும் எழுதுங்கள். வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி அப்ளிகேஷன் தொடக்கத்துக்குக் கீழே இருந்தால் நிராகரிக்க வேண்டும். மேல் எல்லைக்கு முகவரியோடு நீளத்தைக் கூட்டி ஒப்பிடுவது போதாது. 32 பிட்டில் கூட்டல் நிரம்பி வழிந்து சிறிய எண்ணாகிவிடலாம். மிச்ச இடத்தைக் கழித்துப் பார்த்து, நீளம் அதற்குள் அடங்குகிறதா என்று கேளுங்கள். அழிக்கும் ஃபங்ஷனிலும் இந்தக் காவல் தனியாக இருக்கட்டும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏவிஆர் வகை சிப்களில் கதை வேறு. ஆர்டுயினோ யூனோவில் உள்ள ஏடிமெகா328பி-யில் ஆப்டிபூட் என்ற பூட்லோடர், 32 கேபி-யின் கடைசி 512 பைட்டில் இருக்கும். சீரியல் வழியாக ஏற்றும்வரை பயமில்லை. ஐஎஸ்பி புரோகிராமரை (பூட்லோடர் இல்லாமலே நேரடியாகச் சிப்பில் எழுதும் கருவி) மாட்டி ஏற்றினால், ஏவிஆர்டியூட் என்ற ஏற்றும் மென்பொருள் முதலில் சிப் முழுவதையும் அழிக்கும். பூட்லோடர் பகுதியைப் பூட்டும் லாக் பிட்டுகள் இதைத் தடுக்காது. அவையும் சேர்ந்தே அழியும். அழிப்பதை நிறுத்தும் ‘மைனஸ் டி’ (பெரிய எழுத்து) ஆப்ஷன் இருக்கிறதே என்று ஐஎஸ்பியில் அதைப் போடாதீர்கள். பழைய கோடின் மேல் புதியது எழுதப்பட்டு இரண்டும் கலந்த குப்பைதான் மிஞ்சும். ஆர்டுயினோ ஐடிஇ பூட்லோடரையும் சேர்த்து ஒரு ஹெக்ஸ் கோப்பைத் தருகிறது. கோப்பின் பெயரிலேயே ‘வித் பூட்லோடர்’ என்றிருக்கும். ஐஎஸ்பி வழியாக அதை ஏற்றி, பிறகு லாக் பிட்டுகளை மறுபடி போடுங்கள்.

எஸ்டிஎம்32-இல் வன்பொருள் பூட்டே இருக்கிறது: ஆப்ஷன் பைட்டில் (சிப்பின் அமைப்புகள் தங்கும் இடம்) ரைட் புரொடெக்ஷன். எஃப்103-இல் ஒரு பிட் 4 கேபி-யைக் காக்கும், ஆக 8 கேபி-க்கு இரண்டு பிட். 0 என்றால்தான் பூட்டியது என்று பொருள். ரீசெட் செய்த பிறகே அமலுக்கு வரும். செட்டிங்ஸை ஃபிளாஷில் சேமிக்கும் உங்கள் சொந்தக் கோடு தவறான பக்கத்தை அழிக்க முயன்றாலும் இது தடுக்கும். டீபக்கர் வைத்திருப்பவர் இதை நீக்கிவிட முடியும் என்பதால், விபத்துக்குத்தான் பாதுகாப்பு, திருட்டுக்கு இல்லை.

ரீட் புரொடெக்ஷனோடு (ஃபிளாஷை வெளியிலிருந்து படிக்கவிடாத பூட்டு) இதைக் குழப்ப வேண்டாம். அதை லெவல் 1-இலிருந்து 0-க்கு இறக்கினால் ஃபிளாஷ் முழுவதும் அழியும். எஃப்407-இல் லெவல் 2 போட்டுவிட்டால் திரும்பவே வழியில்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரு போர்டில் வேண்டுமென்றே சோதியுங்கள். முதலில் மொத்த ஃபிளாஷையும் ஆப்ஷன் பைட்டுகளையும் படித்து கோப்பாகச் சேமியுங்கள். பிறகு 08000000-க்கு பில்ட் ஆன கோப்பை பூட்லோடர் வழியாக அனுப்புங்கள், மறுக்க வேண்டும். அடுத்து, நல்ல கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே நடுவில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மறுபடி கொடுத்ததும் அரைகுறை அப்ளிகேஷனுக்குள் குதிக்காமல் பூட்லோடரிலேயே நிற்க வேண்டும். கடைசியாக முதல் 8 கேபி-யை மட்டும் திரும்பப் படித்து, சேமித்த கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள்.