நுரையீரல் உறிஞ்சலைக் கணக்கிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதிரியக்கத் தூசியைச் சுவாசித்துவிட்ட தொழிலாளி ஒருவரின் சிறுநீர் மாதிரியில் கிடைக்கும் எண், உடலுக்குள் எவ்வளவு போனது என்பதைத் தானாகச் சொல்லிவிடாது. நுரையீரலில் படிந்த துகள் எவ்வளவு விரைவாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது என்று நாம் கொள்ளும் அனுமானமே அதற்குப் பொருள் தருகிறது.

பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1994-இல் வெளியிட்ட 66-ஆம் அறிக்கை, உறிஞ்சலை எஃப் (விரைவு), எம் (நடுத்தரம்), எஸ் (மெதுவு) என்று மூன்று வகையாக்கியது. அந்த அறிக்கையின்படி எஃப் வகை முழுவதும் 10 நிமிட அரைக்காலத்தில் (பாதி கரைய ஆகும் நேரத்தில்) கரையும். எஸ் வகையில் 99.9 விழுக்காட்டுக்கு அரைக்காலம் 7,000 நாள். தனிமத்தின் பெயரைப் பார்த்தே வகையை முடிவுசெய்வதுதான் முதல் தவறு. யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு விரைவில் கரையும், உயர்வெப்பத்தில் சுட்டெடுத்த யுரேனியம் டைஆக்சைடோ ஆண்டுக்கணக்கில் நுரையீரலிலேயே தங்கும். ஆகவே அந்த அறையில் அன்று கையாளப்பட்ட சேர்மம் எது என்பதைப் பணிப்பதிவேட்டில் பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

"எஸ் என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பான பக்கம்" என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. அந்த வகைப்பாட்டின்படி, யுரேனியம்-238-க்கு, 5 மைக்ரோமீட்டர் துகளில், ஒரு பெக்கரலுக்கான (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கதிர்வீச்சளவு எஃப் வகையைவிட எஸ் வகையில் ஏறத்தாழ 10 மடங்கு என்பது உண்மைதான். ஆனால் புளூட்டோனியம்-239-இல் நிலைமை தலைகீழ். அங்கே எம் வகைதான் எஸ் வகையைவிடச் சுமார் 4 மடங்கு அதிகம். காற்று மாதிரியிலிருந்து கணக்கிட்டால் இந்த வரிசை அப்படியே நிற்கும். சிறுநீரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டாலோ, எஸ் வகையில் வெளியேறுவது மிகச் சொற்பம் என்பதால், அதே அளவீட்டுக்கு உள்ளே போன அளவு பன்மடங்காகத் தெரியும். அளந்தது எதை என்று பாராமல் 'பாதுகாப்பான' வகை ஒன்றைத் தேர்வது, என் பார்வையில், கணக்கே செய்யாததற்குச் சமம். நாள்கள் இடைவெளியில் எடுத்த பல மாதிரிகளையும் மார்புக்கு வெளியிலிருந்து எடுத்த கதிர்வீச்சு அளவீட்டையும் ஒருசேரப் பொருத்திப் பார்த்தால்தான் வகை தெளியும்.

கல்பாக்கம் போன்ற இடங்களுக்குச் சென்னையிலிருந்து பணிக்குச் செல்வோரின் வீட்டுத் தண்ணீரையும் கேட்டறிய வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இயற்கை யுரேனியம் கலந்திருக்கக்கூடும். கேன் தண்ணீரிலிருந்து போர் தண்ணீருக்கு மாறியவரின் சிறுநீரில் தென்படும் சிற்றுயர்வைச் சுவாசித்ததன் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. பணியில் சேரும்போதே முதல் மாதிரியை எடுத்துவைப்பது இதற்காகத்தான்.

புளூட்டோனியத்தை வெளியேற்ற டி.டி.பி.ஏ. என்ற மருந்து செலுத்தப்பட்டவரின் சிறுநீர் மாதிரிக்கு வழக்கமான கணக்கு பொருந்தாது. அம்மருந்து சிறுநீரில் வெளியேறும் அளவைப் பலமடங்கு கூட்டிவிடும். மருந்து தந்த தேதியையும் நேரத்தையும் மாதிரிப் புட்டியின் சீட்டிலேயே எழுதச் செய்யுங்கள்.