டி செல் லுகேமியாவில் செல்லின் வயதைப் படிப்பது எப்படி

ஒளிரும் ஆன்டிபாடிகளை ஒட்டி, லேசர் ஒளியில் செல்களை அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி மேசைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: செல்லுக்கு மேலே, டி செல்லின் அடையாளப் புரதமான சிடி3 இல்லை என்றதும் 'டி செல் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் டி செல் வளரும்போது சிடி3 முதலில் செல்லுக்குள்தான் உருவாகிறது. மேலே வந்து உட்காருவது பிறகுதான். லுகேமியா செல்லோ பாதி வழியில் நின்றுபோனது. அதனால் மேலே ஒட்டும் ஆன்டிபாடிகளை முதலில் போட்டு, செல்லைக் கெட்டிப்படுத்தி, சவ்வில் துளையிட்டு, அதன்பின் உள்ளே சிடி3 தேடுங்கள்.

இதில் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். பிளாஸ்டில், அதாவது முதிராத லுகேமியா செல்லில், உள் சிடி3 நெகட்டிவ். அதே டியூபில் நல்ல டி செல்களில் சிடி3 பளிச்சென்று தெரிந்ததால் டியூப் சரி என்று நினைத்துவிட்டேன். அவற்றுக்குத்தான் வெளியிலேயே சிடி3 இருக்கிறதே! சீனியர் வந்து, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவில் எம்பிஓ என்ற என்சைமைப் பார்த்தார்: அதுவும் நெகட்டிவ். எம்பிஓ செல்லுக்குள் இருப்பது, நியூட்ரோஃபிலில் நிறையவே இருக்கும். அது தெரியவில்லை என்றால் துளையே விழவில்லை. துளையிடும் கரைசலைப் புதிதாக எடுத்து மறுபடி செய்ததும் பிளாஸ்டில் சிடி3 வந்தது. இப்போதெல்லாம் முதலில் நியூட்ரோஃபிலைத்தான் பார்க்கிறேன்.

டி செல் என்று உறுதியானால் அப்புறம் வயது, அதாவது செல் எந்த வளர்ச்சி நிலையில் நின்றது என்பது. இதற்கு மற்ற சிடி அடையாளப் புரதங்களைப் பார்க்க வேண்டும். சிடி7 கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும், வயதுக்கு உதவாது. சிடி1ஏ பாருங்கள். இருந்தால் கார்ட்டிகல் என்ற நடு நிலை. பெரும்பாலும் சிடி4, சிடி8 இரண்டும் சேர்ந்தே வரும். சிடி1ஏ போய், மேலே சிடி3 வந்திருந்தால் முதிர்ந்த நிலை. சிடி1ஏ, மேல் சிடி3 இரண்டும் இல்லாமல் சிடி2 அல்லது சிடி5 இருந்தால் அதற்கும் இளைய ப்ரீ-டி நிலை. சிடி7-உம் உள் சிடி3-உம் மட்டும் என்றால் எல்லாவற்றிலும் இளைய ப்ரோ-டி. 1995-இல் ஐரோப்பியக் குழு வகுத்த வரிசை இது. முதிர்ந்த நிலை என்று எழுதும் முன், இளம் செல்லின் அடையாளங்களான டிடிடி, சிடி34 பார்த்துவிடுங்கள். இரண்டுமே இல்லை என்றால் அது முதிர்ந்த டி செல்லின் லிம்ஃபோமாவாகவும் (நிணநீர்ப் புற்றுநோய்) இருக்கலாம்.

2009-இல் தனியாகப் பிரித்த இடிபி வகைதான் (மிக ஆரம்ப நிலை டி செல்லில் வரும் லுகேமியா) ஏமாற்றும். சிடி1ஏ, சிடி8 இரண்டும் இருக்காது. சிடி5 மங்கல், அல்லது 75 சதவீதத்துக்கும் குறைவான பிளாஸ்டில்தான். கூடவே சிடி34, சிடி117, சிடி13, சிடி33 போன்ற ஸ்டெம் செல் அல்லது மைலாய்டு (வேறு ரத்த அணு வரிசை) அடையாளங்களில் ஒன்றாவது குறைந்தது 25 சதவீத பிளாஸ்டில் இருக்கும். இங்கே 'சிடி5 பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதினால் டாக்டரிடமிருந்து போன் வரும். எத்தனை சதவீதம், பக்கத்திலிருக்கும் நல்ல டி செல்லைவிட எவ்வளவு மங்கல் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.