உள்நுழைவுத் திரையில் அணைந்துபோகும் நம்லாக்

என் கடவுச்சொல்லில் பாதி எண்கள். கை தானாக வலப்பக்க எண் விசைகளுக்குத்தான் போகும். லினக்ஸின் உள்நுழைவுத் திரையிலோ நம்லாக் (அந்த விசைகளை எண்களாக இயங்கவைக்கும் பொத்தான்) அணைந்தே கிடக்கும். கவனிக்காமல் தட்டிவிட்டு, 'கடவுச்சொல் தவறு' என்று தினமும் ஒரு திட்டு வாங்குவேன்.

நான் பயன்படுத்தும் லினக்ஸ் மேசைத்திரைச் சூழலான கேடிஇ பிளாஸ்மாவின் விசைப்பலகை அமைப்பில், தொடக்கத்திலேயே நம்லாக் இயங்கும்படி தேர்ந்தெடுத்தேன். பயனில்லை. கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை நிரலான பயாஸிலும் மாற்றிப் பார்த்தேன், அதுவும் வீண். பிறகுதான் உறைத்தது: அந்த உள்நுழைவுத் திரை என் கணக்கில் ஓடுவதே இல்லை. எஸ்டிடிஎம் என்ற தனி நிரல், தனக்கென்று உள்ள வேறொரு பயனர் கணக்கில் அதை நடத்துகிறது. நான் உள்ளே நுழையும் முன்பே என் விருப்பம் அதற்கு எப்படித் தெரியும்?

நிர்வாகி உரிமையோடு 'ஈடிசி' கோப்புறையில் எஸ்டிடிஎம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். 'ஜெனரல்' என்ற பிரிவின் கீழ் நம்லாக் வரிக்கு 'ஆன்' என்று மதிப்புக் கொடுத்தேன். (கோப்பு இல்லாவிட்டால் நாமே உருவாக்கலாம்.) எதுவும் எழுதாவிட்டால் எஸ்டிடிஎம் நம்லாக்கைத் தொடாமல் இருந்தபடியே விட்டுவிடும், என் தலைவலிக்கு அதுவே காரணம். கணினியை மறுதொடக்கம் செய்ததும் நம்லாக் விளக்கு எரிந்தது.

எண் விசைகள் தனியாக இல்லாத மடிக்கணினியில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். சிலவற்றில் எழுத்து விசைகளே எண்களாகிவிடும்.