தைமூர் என்னும் பெயர்: பொருள் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1398இல் தில்லியைச் சூறையாடிய படையெடுப்பாளர் என்றே நம்மில் பெரும்பாலோர் தைமூரைப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். அதனால் அந்தப் பெயர் அவர் ஒருவருக்கே உரியது என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. பெயரின் மூலத்தை அறிய விரும்புபவர் முதலில் விலக்க வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். துருக்கிய மொழிகளில் 'தெமூர்' அல்லது 'தெமிர்' என்றால் இரும்பு. பிள்ளை இரும்பைப்போல் உறுதியாக வளர வேண்டும் என்ற விருப்பத்தைச் சொல்லும் பெயர் அது. மங்கோலியரும் இதே சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டனர். குப்லாய் கானுக்குப் பின் 1294இல் சீனத்தின் அரியணை ஏறிய அவருடைய பேரன் பெயர் தெமூர்; அந்த யுவான் மரபில் சீனத்தைக் கடைசியாக ஆண்டவர் தோகோன் தெமூர். இருவருமே முஸ்லிம்கள் அல்லர்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தைமூர் என்பது அரபுச் சொல் என்று கொள்வதே மிகப் பரவலான தவறு. ஷாஜஹான் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில், தைமூரின் தன்வரலாறு என்ற பெயரில் ஒரு பாரசீக நூல் வெளிவந்தது. தந்தை தன் குழந்தையை ஒரு சமயப் பெரியவரிடம் கொண்டு சென்றபோது அவர் குர்ஆனின் 67ஆம் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்ததாகவும், நிலம் அதிர்வதைக் குறிக்கும் 'தமூரு' என்னும் சொல்லில் ஓதலை நிறுத்தி அதையே குழந்தைக்குப் பெயராகச் சூட்டியதாகவும் அந்நூல் கூறுகிறது. கேட்பவர் மனத்தில் எளிதில் பதியும் கதைதான். ஆயினும், அந்நூலே தைமூர் எழுதியதன்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. கதைக்கு எதிரான வலுவான சான்றோ கல்லிலேயே இருக்கிறது. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் உள்ள 8ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் கல்வெட்டு, இன்றைய உஸ்பெகிஸ்தானின் தெற்கே உள்ள ஒரு கணவாயை 'தெமிர் கபிக்', அதாவது இரும்புக் கதவம், என்று குறிப்பிடுகிறது. துருக்கியர் இஸ்லாத்தைப் பெருமளவில் தழுவுவதற்கு முன்பே இந்தச் சொல் அவர்களிடம் வழங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

'தைமூர் லங்' என்பதை முழுப்பெயராக எழுதுவதும் சரியன்று. 'லங்' என்பது நொண்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். பகைவர்கள் இழிவாகச் சேர்த்த அந்த ஒட்டே ஐரோப்பியர் வாயில் 'தாமர்லேன்' ஆயிற்று. 1941இல் சமர்கந்தில் அவருடைய கல்லறையைத் திறந்து எலும்புகளை ஆய்ந்த சோவியத் அறிஞர்கள் வலக்கால் ஊனமுற்றிருந்ததை உறுதிப்படுத்தினர். ஊனம் உண்மைதான்; ஆனால் அது பெயரின் பகுதி ஆகாது.

செங்கிஸ் கானின் இயற்பெயரான தெமுஜினும் இரும்பைக் குறிக்கும் இதே வேரைக் கொண்டது என்பதால், தைமூரைச் செங்கிஸ் கானின் வழித்தோன்றல் எனச் சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். பெயரின் வேர் ஒன்றானால் குருதி உறவும் உண்டு என்று கொள்ள முடியாது. தைமூர் பர்லாஸ் குலத்தவர். செங்கிஸ் கானின் ஆண்வழியில் பிறக்காததால் 'கான்' பட்டம் ஏற்காமல் 'அமீர்' என்றே ஆண்டார். அந்த வழியில் வந்த இளவரசி சராய் முல்க் கானுமை மணந்த பிறகு, மருமகன் எனப் பொருள்படும் 'குரேகன்' பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆகவே 'தைமூர் கான்' என்று எழுதுவதும் பிழையே.

வடிவ வேறுபாடுகளை வெவ்வேறு பெயர்களாக எண்ணிக் குழம்பவும் வேண்டாம். உஸ்பெக் மொழியில் தெமுர், கசாக் மொழியில் தெமிர், தாத்தார் மொழியில் திமெர், துருக்கி நாட்டில் டெமிர் என வழங்குவன அனைத்தும் ஒரே இரும்புதான். துருக்கியின் குடியரசுத் தலைவராக 1993 முதல் 2000 வரை இருந்த சுலைமான் டெமிரலின் குடும்பப் பெயருக்கு 'இரும்புக் கை' என்று பொருள். கசகஸ்தானின் எஃகு ஆலை நகரமான தெமிர்தவ்வின் பெயருக்கு 'இரும்பு மலை' என்று பொருள்.